ஒரகடம் சாலையில் ஒரு சைக்கிள் விபத்தும் நின்ற லாரியும்

இந்தப் பயணம் போன டிசம்பரில், ஒரு சனிக்கிழமை நடந்தது. தலைப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன், இதை இரண்டு கைகளாலும்தான் தட்டச்சு செய்கிறேன். எழுத இத்தனை மாதம் ஆனதற்குக் காரணம் இடது தோள். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என்னோடு சைக்கிள் ஓட்டுபவள் என் நாத்தனார் சுமதி, கணவரின் தங்கை. ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள். இரண்டு வருடமாக வாரக் கடைசியில் சேர்ந்து ஓட்டுகிறோம். மாமல்லபுரம், முட்டுக்காடு, வேடந்தாங்கல் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்து எங்கே என்று பேசும்போது அவள்தான் சொன்னாள்.

"அண்ணி, ஒன்பது வருஷமா அந்த ஒரகடம் ரோட்டைத் தூங்கிக்கிட்டேதான் பாத்திருக்கேன். ஒரு தடவை முழிச்சிக்கிட்டுப் பாக்கணும்."

அப்படி முடிவானதுதான் வழி. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோவில், சுமார் 23 கிலோமீட்டர். அங்கே வலது பக்கம் திரும்பி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர், இன்னொரு 25. காலையில் சிங்கப்பெருமாள் கோவிலில் நரசிம்மரையும் ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாளையும் பார்த்துவிட்டு, குன்றத்தூர் வழியாகத் திரும்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு. மொத்தம் 83 கிலோமீட்டர் வரும் என்று கைப்பேசி வரைபடம் சொன்னது. வண்டலூரிலிருந்து படப்பை வழியாக ஒரகடம் போவது குறுக்கு வழிதான். ஆனால் படப்பை நெரிசலில் மாட்டிக்கொண்டால் போன உற்சாகமெல்லாம் வடிந்துவிடும்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மார்கழிக்கு முந்தைய குளிர், மூக்கு நுனி சில்லிட்டது. நான் போட்டிருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். தலைக்கவசம், உள்ளங்கையில் தடித்த பஞ்சு வைத்த கையுறை, நிறமில்லாத கண்ணாடி, இருட்டில் பளிச்சென்று தெரியும் பச்சை மேல்சட்டை. சைக்கிளின் பின்னால் விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு. முழங்கைக்கும் முழங்காலுக்கும் எதுவும் இல்லை. அரைக்கை பனியன்தான். நாங்கள் இப்படிக் கிளம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் தெரு இஸ்திரிக் கடைக்காரர் கேட்பார்: "என்ன டீச்சர், ராக்கெட் விடப் போறீங்களா?" அன்றும் கேட்டார். "ஆமாங்க, ரெண்டு ராக்கெட்" என்றாள் சுமதி.

ஜி.எஸ்.டி. சாலை விடிவதற்கு முன் நல்ல சாலை. வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. ஆறரைக்கு சிங்கப்பெருமாள் கோவில் வந்துவிட்டோம். குன்றைக் குடைந்த கருவறையில் நரசிம்மர் பெரிய உருவமாக உட்கார்ந்திருப்பார், அர்ச்சகர் தீபத்தைத் தூக்கிப் பிடித்து நெற்றிக்கண்ணைக் காட்டுவார். கூட்டம் இல்லாத நேரம் என்பதால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. வெளியே வந்தால் ரயில் நிலையத்திலிருந்து ஆட்கள் கொத்துக் கொத்தாக இறங்கி ஷேர் ஆட்டோக்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். "ஒரகடம், ஒரகடம், ரெண்டு பேர்" என்று கூவிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர் எங்களையும் பார்த்தார். சைக்கிளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பொங்கல், வடை, டீ. இருவருக்கும் சேர்த்து 130 ரூபாய். பொங்கலில் மிளகு தாராளம். சாப்பிடக் கழற்றிய தலைக்கவசத்தைத் திரும்ப மாட்டும்போது சுமதி என் தாடைக்குக் கீழே இரண்டு விரலை விட்டுப் பார்த்து வாரை இழுத்தாள். எப்போதும் செய்வாள். அவள் தொழிற்சாலையில் வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒருவருடைய பாதுகாப்பு ஷூவை இன்னொருவர் பார்க்க வேண்டுமாம், அந்தப் பழக்கம்.

ஒரகடம்வரை பயணம் சுகமாகத்தான் இருந்தது. சாலை அகலம். இரண்டு பக்கமும் மைல் கணக்கில் மதில் சுவர்கள், அவற்றுக்குப் பின்னால் புதுக் கார்கள் வரிசையாக வெயிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கின்றன. நடுநடுவே திடீரென்று ஒரு ஏரி, கொக்குகள், அதையொட்டி ஒரு வயல். வயலுக்கு எதிரே வாடகை அறைகள், மாடி முழுக்கக் காயும் நீலச் சீருடைகள். சுமதி ஒவ்வொன்றையும் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தாள். "அண்ணி, இங்க ஒரு ஏரி இருக்கு! ஒன்பது வருஷமா எனக்குத் தெரியாது!"

ஒரகடம் கூட்டுச்சாலை மேம்பாலத்துக்குக் கீழே எட்டு மணிக்கு வந்தோம். அங்கேதான் போக்குவரத்தின் முகம் மாறியது. பொது ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள், கார்களைச் சுமக்கும் நீள லாரிகள், கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள். இங்கே ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சுமதியின் தொழிற்சாலைக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பதால் எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். மற்ற தொழிற்சாலைகளுக்கு அது இன்னொரு வேலை நாள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பி, வழியிலுள்ள வல்லம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். சுமதி ஐம்பது அடி முன்னால். நான் சாலையின் இடது ஓரத்தில், வெள்ளைக் கோட்டை ஒட்டி. வேகம் மணிக்கு இருபதுக்கு மேல் இருக்காது. பெட்டிகளை இறுக்கிக் கட்டுவார்களே, அந்தப் பச்சை பிளாஸ்டிக் பட்டை, ஏதோ லாரியிலிருந்து அவிழ்ந்து சாலையில் சுருள் சுருளாகக் கிடந்தது. நான் பார்த்தேன். விலகிவிடலாம் என்று கைப்பிடியைத் திருப்புவதற்குள் ஒரு பஸ் பக்கத்தில் கடந்தது, அந்தக் காற்றில் பட்டை எழும்பி என் முன்சக்கரத்துக்குள் போனது.

அவ்வளவுதான். சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

கைப்பிடிக்கு மேலாகப் போனதும், தார்ச்சாலை முகத்தை நோக்கி வந்ததும் ஞாபகம் இருக்கிறது. முதலில் உள்ளங்கைகள், பிறகு இடது தோள், பிறகு தலை. தேங்காயைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம். அது என் தலை எழுப்பிய சத்தம் என்று புரிய நேரம் பிடித்தது. பக்கவாட்டில் உருண்டு, சாலையின் உட்பக்கமாகக் கிடந்தேன். பின்னாலிருந்து ஒரு பெரிய வண்டியின் காற்று பிரேக் சீறியது. டயர்கள் தேயும் சத்தம். கண்ணைத் திறந்தால் ஒரு டிரெய்லர் லாரியின் முன்பக்கம், நம்பர் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கும் தூரத்தில் நின்றிருந்தது.

ஓட்டுநர் உடனே இறங்கவில்லை. வண்டியை லேசாக ஒடித்து, எனக்குப் பின்னால் குறுக்காக நிறுத்தினார். நான்கு விளக்குகளையும் மின்ன விட்டார். அதற்குப் பிறகுதான் குதித்து ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, தோளில் துண்டு. "அம்மா, அசையாதீங்க, நான் பின்னாடி வண்டிய மறிச்சிருக்கேனுங்க, ஒண்ணும் வராது" என்றார்.

சுமதி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கம்பெனி பஸ்ஸிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். நீலச் சீருடையில் ஒரு பெண் என் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தலைக்கவசத்தோடு சேர்த்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, கழுத்தைத் திருப்பாதீய. ஹெல்மெட்டைக் கழட்டாண்டாம், ஆஸ்பத்திரியில பாத்துக்கிடுவாவ" என்றாள். பேச்சைக் கேட்டால் தென்காசிப் பக்கம். இன்னொருத்தி துப்பட்டாவை விரித்து என் முகத்துக்கு நிழல் பிடித்தாள்.

அப்போதுதான் சத்தம் ஆரம்பித்தது. நான் மல்லாந்து கிடந்ததால் எனக்கு வானமும், துப்பட்டாவும், கால்களும்தான் தெரிந்தன. குரல்களை மட்டும் கேட்டேன்.

"தட்டிட்டு நிக்கிறான் பாரு!"

"தண்ணி போட்டு ஓட்டிகினு வந்துருப்பான். இறக்குடா அவன!"

"சாவி எட்றா மொதல்ல!"

"இல்லீங்க, நான் தொடவே இல்லீங்க, அந்தம்மாவே விழுந்துட்டாங்க" என்று லாரிக்காரர் சொல்வது கேட்டது. யாரும் கேட்பதாக இல்லை. எப்படிக் கேட்பார்கள்? பெண் ஒருத்தி ரத்தத்தோடு சாலையில் கிடக்கிறாள், அவளுக்குப் பின்னால் டிரெய்லர் குறுக்கே நிற்கிறது. வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டி என்ன நடந்தது என்று கேட்டால் என் மாணவர்கள் அத்தனை பேரும் அதே பதிலைத்தான் எழுதுவார்கள். ஒரு அறை விழும் சத்தம் கேட்டது. காக்கிச் சட்டையை யாரோ பிடித்து இழுக்க, அவர் தடுமாறி என் காலருகில் வந்து விழப் பார்த்தார்.

எனக்குத் தாடை கிழிந்திருந்தது. வாய்க்குள் ரத்தம். மூச்சை உள்ளே இழுத்தாலே தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஏதோ நறநறவென்று உரசியது. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்தது. பதினெட்டு வருடம் மதிய வெயிலில் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பாடம் நடத்திய தொண்டை இது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"அவரைத் தொடாதீங்க! அவர் என்னை இடிக்கல! நானே விழுந்தேன்!"

கத்தியதில் வலியால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கால்களெல்லாம் நின்றன. சுமதி அதைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து என் சைக்கிளைத் தூக்கி, முன்சக்கரத்தை எல்லோருக்கும் காட்டினாள். "இங்க பாருங்க! பட்டை சுத்தியிருக்கு பாருங்க! லாரி மேல ஒரு கீறல் இருக்கா? இவரு நிக்கலைன்னா எங்க அண்ணி இப்ப சக்கரத்துக்கு அடியில!"

மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட ஒருவர், அதுவரை அதிகம் கத்தியவர் அவர்தான், குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி, மெதுவான குரலில் கேட்டார்.

"மெய்யாலுமே அவரு தட்டலியா மேடம்? பயந்துகினு சொல்றீங்களா?"

"மெய்யாலுமே இல்லப்பா" என்றேன்.

அவர் எழுந்துபோய் லாரிக்காரரின் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிடுவதைத் துப்பட்டாவின் ஓரத்தில் பார்த்தேன். கிழிந்த பொத்தான் துளையை இழுத்துச் சரி செய்யப் பார்த்தார். முடியவில்லை. "தண்ணி குடிங்கண்ணே" என்று ஒரு பாட்டிலை நீட்டினார்.

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்துக்குள் வந்துவிட்டது. ஏற்றும்போது என் தலையைப் பிடித்திருந்த பெண் கையை எடுத்தாள், விரல்கள் மரத்துப்போயிருந்தன போல, உதறிக்கொண்டாள். பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "பஞ்ச் போட லேட்டாயிட்டு, வாரேன் எக்கா" என்று ஓடிவிட்டாள். அவள் பெயரைக் கேட்கவில்லை. இதைப் படிப்பவர்கள் யாராவது அவளுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: உங்கள் கைகளை நான் மறக்கவில்லை.

சைக்கிளை என்ன செய்வது என்று சுமதி திகைத்து நின்றபோது மஞ்சள் டீ-ஷர்ட்காரர்தான் முன்வந்தாராம். "நம்ம வூடு இங்கதான் வல்லத்துல கீது. ரெண்டு சைக்கிளையும் வெச்சிக்கிறேன். எப்ப வேணா வந்து எட்த்துக்கோங்க. எம் பேரு ஏழுமலை." கைப்பேசி எண்ணும் கொடுத்தார்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் மருத்துவமனை. எக்ஸ்ரே, தலைக்கு ஸ்கேன். இடது காறை எலும்பு, அதாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஓடும் எலும்பு, முறிந்திருந்தது. தாடையில் நான்கு தையல். இடது முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்து தார்ச்சாலையின் சின்னச் சின்னக் கற்கள் பதிந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார்கள். எலும்பு முறிந்ததைவிட அதுதான் கொடுமை. கையுறை கிழிந்து நார் நாராக இருந்தது, உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. தலை ஸ்கேனில் எதுவும் இல்லை.

சிகிச்சை செய்த இளம் மருத்துவர் என் தலைக்கவசத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே வெளி ஓடு நசுங்கி, உள்ளேயிருந்த வெள்ளை நுரை இரண்டாகப் பிளந்திருந்தது. "மேடம், இந்த விரிசல் உங்க மண்டை ஓட்டுல வந்திருக்க வேண்டியது" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "நான் வாரத்துக்கு மூணு நாலு பேர் பாக்கறேன். இப்படிப் பேசிக்கிட்டே உள்ள வர்றவங்க கம்மி" என்றார்.

மதியம் ஒரு போலீஸ்காரர் வந்தார். யாரோ முதலிலேயே தகவல் சொல்லி, லாரி நம்பரையும் கொடுத்துவிட்டார்களாம். ஓட்டுநரை அடுத்த கூட்டுச்சாலையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "லாரி மோதினதுன்னு சொல்றாங்களேம்மா?" என்று கேட்டார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சுமதி எடுத்த சக்கரத்தின் படத்தைக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டு எழுதினார், நான் வலது கையால் கையெழுத்துப் போட்டேன். வெளியே போய்க் கைப்பேசியில் பேசியது காதில் விழுந்தது: "அந்த டிரெய்லர விட்டுருங்க. அவன் இடிக்கலையாம். அந்தம்மா நல்லாத் தெளிவா சொல்றாங்க."

நல்லாத் தெளிவா. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அதுவரை தலைக்கவசம் என் உயிரைக் காப்பாற்றியது என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது உடைந்த இடத்தில் என் தலை உடைந்திருந்தால், நான் நினைவில்லாமல் கிடந்திருப்பேன். அவர் இடிக்கவில்லை என்று சொல்ல ஆளே இருந்திருக்காது. சுமதி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், விழுந்ததை அவளும் பார்க்கவில்லை. நின்றதற்காகவே அந்த மனிதர் அடிபட்டு, உள்ளேயும் போயிருப்பார்.

மாலையில் வார்டு வாசலில் இரண்டு தலைகள் தெரிந்தன. முன்னால் ஏழுமலை. அவருக்குப் பின்னால் காக்கிச் சட்டை. சரக்கை இறக்கிவிட்டு, ஏழுமலையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். காலையில் சட்டையைப் பிடித்து இழுத்தவரோடு. கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி.

லாரிக்காரர் பெயர் சின்னுசாமி, ஊர் சங்ககிரி. ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்தார். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"நான் ஒரு கிலோமீட்டரா உங்க பின்னாலதானுங்க வந்தேன் டீச்சர். அந்தப் பச்சைச் சட்டையும் சிவப்பு லைட்டும் தூரத்துலயே தெரிஞ்சுதுங்க. வலது பக்கம் பஸ்ஸா வருது, முந்த முடியல. சரி, மெதுவாவே போவோம்னு எடம் விட்டு வந்தேன். அதனாலதான் பிரேக் புடிக்க முடிஞ்சுதுங்க. இல்லீன்னா..." முடிக்காமல் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நிக்காம போயிருக்கலாமே, அண்ணா" என்றாள் சுமதி. "யாரும் உங்களை ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க."

அவர் சிரித்து, மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பக்கம் இரண்டு பற்கள் இல்லை. "ஒருக்கா ஓசூர் பக்கம் இப்படி நின்னேனுங்க. அதுவும் நான் இடிக்கல. நம்ம ஊட்டுல சத்தியம் வாங்கியிருக்குதுங்க, இனிமே நிக்காதீங்க, நேரா ஸ்டேஷனுக்கு வண்டிய உடுங்கன்னு." கொஞ்சம் யோசித்தார். "நான் போயிருந்தா பின்னாடி வர்றவனுக்கு நீங்க கெடக்கறது தெரியாதுங்களே. அவனுக்கு முன்னால போற என் லாரிதான தெரியும்."

ஏழுமலை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றிருந்தார். அவர் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி, குடும்பத்துக்கு வல்லத்தில் முன்பு நிலம் இருந்தது. திடீரென்று பேச ஆரம்பித்தார்.

"என் தம்பிய இதே ரோட்ல ஒரு வண்டி தட்டிட்டு போய்ட்ச்சு மேடம். அவன் போய் மூணு வருசமாச்சு. நிக்கவே இல்ல. எந்த வண்டின்னுகூட தெரியல. அவனும் ஹெல்மெட்ட பைக் கண்ணாடில மாட்டிகினு போனான், ஆபீஸ் கேட்டாண்ட மட்டும் போட்டுக்குவான். இன்னிக்கி இவரு வண்டி நின்னுகினு இருந்தத பாத்ததும் எனக்கு ஒண்ணுமே தோணல. அன்னிக்கி தட்டிட்டு போனவன்தான் மாட்டிட்டான்னு நெனச்சேன்." சின்னுசாமியைப் பார்த்தார். "நிக்கிறவன் மேலதான் கைய வெக்க முடியுது. நிக்காதவன எங்க போய் தேட்றது?"

சின்னுசாமி எழுந்து அவர் தோளைத் தட்டினார். "உடுங்க தம்பி. வலி ஒண்ணும் இல்ல" என்றார். நானும் சுமதியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அப்புறம் எனக்குள் இருக்கும் ஆசிரியை விழித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் எதுல வந்தீங்க? ஹெல்மெட் எங்க?" என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். தையல் போட்ட தாடையோடு சிரிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முடியவில்லை.

மறுநாள் என் கணவர் வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் கட்டி வைத்திருந்தேன். தலை வாரிக்கொள்ளவும் புடவை கட்டவும் சுமதி வந்தாள். கரும்பலகையில் எழுத வலது கை போதும் என்பதால் பள்ளிக்கு மூன்றாவது வாரமே போய்விட்டேன். மாணவர்கள் கேட்டபோது உடைந்த தலைக்கவசத்தை வகுப்புக்குக் கொண்டுபோய்ச் சுற்றுக்கு விட்டேன். எந்தப் பாடத்துக்கும் அவ்வளவு அமைதியாக அவர்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்த பிறகு சைக்கிள்களை எடுக்க வல்லம் போனோம். ஏழுமலையின் மனைவி மூடி வைத்திருந்த பழைய சேலையை விலக்கிக் காட்டினார். துடைத்து, பட்டையை வெட்டி எடுத்து, சங்கிலிக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தார்கள். முன்சக்கரக் கம்பிகள் வளைந்திருந்தன, அதை மட்டும் தாம்பரத்தில் மாற்றினேன். நாங்கள் ஏழுமலைக்கு ஒரு தலைக்கவசம் வாங்கிப் போயிருந்தோம். வாங்கி, தலையில் போட்டுப் பார்த்து, மனைவியிடம் "இன்னா, நல்லா கீதா?" என்று கேட்டார். தினமும் போடுகிறாரா என்று எனக்குத் தெரியாது. போடுகிறார் என்று நம்புகிறேன்.

விட்ட பயணத்தை மார்ச்சில் முடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுத் தலைக்கவசம், முழங்கைக்கும் முழங்காலுக்கும் காப்பு. ஒரகடம் தாண்டும்போது கைகள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டன. பெரிய வண்டி பின்னால் வந்தாலே முதுகு சில்லிட்டது. சுமதி இந்த முறை எனக்குப் பின்னால் ஓட்டினாள். ஒன்பதரைக்கு ஆதிகேசவப் பெருமாள் சன்னதியில் நின்றேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

இனி, இந்த வழியில் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு. ஞாயிறு காலை மட்டும் வாருங்கள், எட்டு மணிக்குள் ஒரகடத்தைத் தாண்டிவிடுங்கள். இந்தச் சாலையில் குழியைவிடச் சரக்கு லாரிகளிலிருந்து விழும் பட்டை, கம்பி, மணல்தான் ஆபத்து. சாலையில் பட்டையைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல், நின்று, இறங்கி, எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்து வருபவருக்கும் அது உதவும். சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. பம்பும் மாற்று டியூபும் கையில் இருக்கட்டும்.

நல்ல தலைக்கவசம் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாரைத் தளர விட்டால் அது வெறும் தொப்பிதான். ஒருமுறை அடி வாங்கிய தலைக்கவசத்தை, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், திரும்பப் போடாதீர்கள். கையுறையை அலங்காரம் என்று நினைக்காதீர்கள், விழும்போது முதலில் தரையைத் தொடுவது கைதான். பளிச்சென்ற மேல்சட்டையும் பின்விளக்கும் பகலிலும் வேண்டும். முழங்கைக் காப்பை நான் அன்று போடவில்லை, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

யாராவது விழுந்து கிடந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தலைக்கவசத்தைப் பிடுங்காதீர்கள். பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தால், என்ன நடந்தது என்று விழுந்தவரிடமும் ஓட்டுநரிடமும் கேளுங்கள். அந்த வண்டி ஓடிப்போகாமல் நிற்கிறது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

சின்னுசாமி எப்போதாவது போன் செய்வார். போன வாரம் செய்தபோது, வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தானே பேசுகிறீர்கள் என்று முதலில் கேட்டேன். டீக்கடையில் நிற்பதாகச் சொன்னார்.

"இப்பத்தானுங்க ஒரகடத்துல சரக்கு ஏத்திட்டு வந்தேன் டீச்சர். முன்னால ரெண்டு புள்ளைங்க சைக்கிள்ல போச்சுங்க. உங்களாட்டமே தலையில மாட்டிக்கிட்டு. எனக்கு முந்தறக்கு மனசு வரலீங்க. வல்லம் வரைக்கும் பின்னாலயே மெதுவா வந்தேன். பின்னாடி வர்றவனெல்லாம் ஹாரன் அடிச்சுத் தீத்துட்டான்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்னங்க, அவங்க பாட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்க. யாரும் விழலீங்க டீச்சர்."